வைத்துக்கொள்

எம்.ஏ. பொருளாதாரம் என்றதும்
பாளையங்கோட்டையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:
"அப்ப பேங்க் பரீட்சையா?"
இல்லை, இல்லை என்று சொல்லி வாய் ஓய்ந்தது.
ஆலோசனை நிறுவனம் என்றால்
ஜாதகம் பார்க்கிற மாதிரி ஏதோ என்று
ஊகித்துக்கொண்டாள் அத்தை.
முழுத் தவறென்றும் சொல்வதற்கில்லை.

துபாயில், முப்பத்தோராம் மாடியில்,
ராமி ஹத்தாத் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினான்.
"இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்?
பத்து நிமிடம். போனைத் தொடக்கூடாது."
ஐந்து வருடக் கரும்பலகையிலிருந்து
கையோடு கொண்டுவந்திருந்தது ஒரே ஒரு சொல்.
வைத்துக்கொள்வோம்.
முப்பது லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம்.
பாதிப் பேருக்கு டீ பழக்கம் என்று,
வெயில் ஏறினால் ஒரு கோப்பை குறையும் என்று,
மற்றவையெல்லாம்
இருந்த இடத்திலேயே இருக்கும் என்று.
விடை சரியா என்று அவன் பார்க்கவே இல்லை.
வைத்துக்கொண்ட விதம் பிடித்துப்போனது.
திங்கட்கிழமை வரச்சொன்னான்.

முதல் வேலையே டீ.
ஷார்ஜா, அஜ்மானில் பத்தொன்பது கஃபெட்டீரியா.
கரக் டீ ஒரு திர்ஹாம்.
ஏற்றலாமா, ஏற்றினால் ஆள் போய்விடுமா?
முதலாளிக்குத் தூக்கமில்லை.
அதற்கு எங்களுக்குக் கொடுத்த தொகையில்
எத்தனை டீ குடிக்கலாம் என்று
வகுத்துப் பார்த்துவிட்டு அழித்தேன்.

அல் நஹ்தா கிளைக்கு எதிரே பத்து இரவுகள்.
ஏசியை அணைக்க முடியாத ஜூலை.
மடியில் நோட்டு.
ஹார்ன் அடித்தால் தட்டோடு ஓடிவருவான் உபைது,
திரூர்க்காரன், முழங்கை வரை சீனிப் பாகின் பிசுபிசுப்பு.
கார் நிறைய ஆட்கள், நாலு டீ,
ஜன்னல் வழியே ஓர் ஐந்து திர்ஹாம் தாள்.
மீதியை அவன் தேடுமுன்
அரபியில், உருதில், மலையாளத்தில்,
சில சமயம் இரண்டு விரலசைவில்:
வைத்துக்கொள்.
கண்ணாடி ஏறிவிடும்.

நான் எழுதிக்கொண்டேன்:
நாலு டீக்கு ஐந்து கொடுக்கத் தயார்.

ஏழாவது ஸ்லைடு அதுதான்.
ஒரு டீ, ஒன்றேகால்.
தலைப்பு: 'அவர்கள் ஏற்கனவே கொடுக்கும் விலை'.
யாருக்கும் வலிக்காது, சில்லறைத் தொல்லை கிடையாது,
தேவை நெகிழ்ச்சி கிட்டத்தட்ட சுழி.
ராமி எழுந்து நின்றான்.
முதலாளி அன்றுதான் பல் தெரியச் சிரித்தார்.
மூன்று மாதத்தில் ஒரு கோப்பைகூடக் குறையவில்லை.
என் கணக்கு அவ்வளவு சுத்தம்.
போனஸில் கல்விக்கடன் அடைந்தது,
அத்தைக்கு ஒரு காது கேட்கும் கருவி.

கண்ணாடி ஏறிய பிறகு
கையில் நின்ற அந்த ஒரு திர்ஹாமுக்கு
ஸ்லைடில் கட்டம் இல்லை.
கேட்டிருந்தால் சேர்த்திருப்பேனா?
'மற்றவை' என்று எழுதி
அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பேன்.

அக்டோபரில் ஒரு வியாழன்,
ஜன்னலை இறக்கலாம் போலிருந்த இரவு,
தனியாகப் போய் ஹார்ன் அடித்தேன்.
ஒரு டீ. இரண்டு திர்ஹாம்.
கால் திர்ஹாம் காசுகள் மூன்றை
ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தான்,
கேமராவுக்குக் காட்டுகிறவன் மாதிரி.
"வைத்துக்கொள்" என்றேன்.
அந்தச் சொல்லை இத்தனை நாள்
பன்மையில்தான் சொல்லிப் பழக்கம்.

அவன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.
"சேச்சி அந்த மரத்தடியில் வண்டி போட்டு
தெனம் எழுதினதல்லே?
எவிடெ ஜோலி?"

ஏலக்காய் மணத்தோடு விரல் சுட்டது.
பின்னால் ஒரு லேண்ட் க்ரூசர்
பொறுமையில்லாமல் அடித்தது.

"பேங்க்கில்" என்றேன்.